ஒன்பதாவது டிராகனைத் தேடி ஜென்ஹூ வரை

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சீனாவிலிருந்து லீவுக்கு வந்த என் மகன், மஞ்சள் பட்டில் ஒரு நீள அங்கி வாங்கி வந்தான். "அம்மா, சீன ராஜா போடுற டிரெஸ்மா, முழுக்கக் கை வேலையாம்" என்றான். 900 யுவான். நம் காசில் பத்தாயிரத்தைத் தாண்டும். நான் மதுரை வில்லாபுரத்தில் 19 வருடமாக ஆரி வேலை செய்கிறவள். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. திருப்பினேன். உள்ளே ஒட்டுப் பேப்பர், அதன் மேல் அச்சடித்தது போல வெள்ளை பாபின் நூல். மெஷின் வேலைதான். சரி, மெஷினாகவே இருக்கட்டும், வரைந்தவனாவது ஒழுங்காக வரைந்திருக்கலாம். ஒரு டிராகனுக்கு ஒரு காலில் ஐந்து நகம், இன்னொரு காலில் நான்கு.

அவன் முகம் வாடிப்போனது. வாங்கிய கடை எது என்று நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. அங்கி பீரோவுக்குள் போனது.

இந்த வருடம் மருமகளுக்குப் பிரசவம் பார்க்க இரண்டு மாதம் சூஜோவில் இருந்தேன். சூஜோ என்றால் சீனாவின் தையல் ஊர். மேற்கே தாய் ஏரிக்கரையில் (ஏரிக்குப் பெயரே 'தாய்', நான் வைத்ததில்லை) ஜென்ஹூ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தெரு முழுக்கக் கைத்தையல் கடைகள். 'எட்டாயிரம் தையற்காரிகள்' என்று அந்த ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைச் சம்பந்தியம்மாவிடம் விட்டுவிட்டு மகனோடு கிளம்பினேன். அவன் வீடு ஊரின் கிழக்கு ஓரம், ஜென்ஹூ மேற்கு ஓரம். டாக்ஸியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நாங்கள் போன கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன், வீண் வம்பு எதற்கு. தெருவில் முக்கால்வாசிக் கடைகள் ஒரே அமைப்புதான். முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் பூனை, தங்கமீன், தாமரை. பின்னால் ஜன்னலோரம் மரத்தாங்கியில் படுக்கவைத்த சட்டம், அதன் மேல் குனிந்தபடி இரண்டு மூன்று பெண்கள். நாங்கள் நுழைந்த கடையின் பின்சுவரில் ஒரு மஞ்சள் அங்கி, இரண்டு கையையும் விரித்து மூங்கில் கம்பில் தொங்கியது. அதைப் பார்த்ததும் பூனையும் தங்கமீனும் எனக்கு மறந்துபோயின.

கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சீனாவை ஆண்ட சிங் வம்சத்துச் சியான்லோங் பேரரசர் காலத்து (18ஆம் நூற்றாண்டு) அங்கி ஒன்றைப் பார்த்துச் செய்த நகல், நான்கு பேர், பதினான்கு மாதம் என்றார். மகன் மொழிபெயர்த்தான். "ஒன்பது டிராகன். எண்ணிப் பாருங்கள்" என்றார் அந்தம்மா. நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, முன்னால் கீழே இரண்டு, பின்னால் கீழே இரண்டு. எட்டுதான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே வலது பக்கத்துப் பித்தான்களைக் கழற்றி மேல்மடிப்பை விலக்கினார். போட்டுக்கொண்டால் எவர் கண்ணிலும் படாத உள்மடிப்பில், மற்ற எட்டுக்கும் சற்றும் குறையாத வேலையோடு ஒன்பதாவது உட்கார்ந்திருந்தது.

எதற்கு இந்த ஒளிவுமறைவு? கணக்குதான். தோளில் இருக்கும் இரண்டும் முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும். ஆக முன்னால் நின்று பார்த்தால் ஐந்து, பின்னால் நின்று பார்த்தாலும் ஐந்து, உள்ளே ஒளிந்திருப்பதையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது. ஒன்பதும் ஐந்தும் பேரரசருக்கு உரிய எண்கள். நகத்துக்கும் இதுபோல ஒரு முறை இருந்திருக்கிறது. ஐந்து நகம் இருந்தால் 'லோங்', பேரரசருக்கும் அவருக்கு நெருங்கிய வட்டத்துக்கும். நான்கு நகம் இருந்தால் 'மாங்', அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு. சிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கட்டுப்பாடு தளர்ந்து, ஆளாளுக்கு ஐந்து நகம் போட்டுக்கொண்டார்களாம். ஆனால் ஒரே டிராகனுக்கு ஒரு காலில் ஐந்தும் மறு காலில் நான்கும் போட்டதை எந்தக் காலத்திலும் யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மகன் முகத்தைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

இனி வேலைக்கு வருகிறேன். நெஞ்சு டிராகனின் முகத்துக்கு நேர் நடுவில் மூக்கு, வாய், தாடி எல்லாவற்றையும் இரண்டாக்கிக்கொண்டு ஒரு தையல் மூட்டு போகிறது. தறியில் வரும் பட்டின் அகலம் போதாது என்பதால் இரண்டு அகலத்தை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். அங்கியை முதலில் தைத்துவிட்டுப் பூவேலை செய்வதில்லை. வெட்டாத பட்டில் அங்கியின் உருவத்தைக் கோடாக வரைந்து, அதற்குள் வேலையை முடித்து, அப்புறம்தான் கத்தரி. நாமும் பிளவுஸுக்கு இதையேதான் செய்கிறோம். முதுகு, கை என்று துணியில் அளவைக் குறித்து, ட்ரேசிங் பேப்பரில் ஊசித் துளை போட்டு, கெரசின் கலந்த பொடியைத் தேய்த்து அச்செடுத்து, வேலை முடிந்த பிறகுதான் டெய்லரிடம் அனுப்புகிறோம். நடு முதுகில் மயில் வைத்து, மூட்டுப் போட்டதும் மயிலின் கழுத்து கால் அங்குலம் விலகி, கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதனால் அந்த டிராகனின் மூக்கை ரொம்ப நேரம் பார்த்தேன். இரண்டு மூக்குத்துவாரமும் ஒரே உயரத்தில் நின்றன. மீசையில் ஓடும் தங்க இழை மூட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

தங்க இழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் அசல் சரிகை வெள்ளிக் கம்பி. அதைத் தட்டையாக்கி, பட்டு நூலில் சுற்றி, தங்கமுலாம் பூசுவார்கள். சீனத்துப் பழைய தங்க இழையில் கம்பி இல்லை. காகிதத்தில் தங்கத் தகட்டை ஒட்டி, அதை மெல்லிய நாடாவாக அரிந்து, பட்டு நூலைச் சுற்றி முறுக்கினால் அதுதான் இழை. இதை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் தங்கம் உரிந்து வந்துவிடும். அதனால் இழையைத் துணிக்கு மேலேயே இரண்டிரண்டாகப் படுக்கவைத்து, வேறொரு பட்டு நூலால் குறுக்கே கட்டிக்கொண்டே போகிறார்கள். ஜர்தோசியில் நாம் செய்வதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி முறை. பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கட்டு நூல் சிவப்பு. சுவரில் செங்கல் வைப்பது போல, ஒரு வரிசையில் கட்டு விழுந்த இடத்தில் அடுத்த வரிசையில் விழாது, இரண்டுக்கும் நடுவில் விழும். சிவப்பு எதற்கு? நாலடி பின்னால் வந்தால் தெரிகிறது. சிவப்பு கண்ணுக்கு மறைந்து, தங்கம் மட்டும் பழுத்த நிறத்தில் தெரிகிறது. பக்கத்திலேயே வெள்ளை நூலால் கட்டிய ஒரு மேகம் இருந்தது. அதே தங்கம், வெளிறிப்போய் இருந்தது. 19 வருடமாகச் சரிகைக்குத் தோதாக மஞ்சள் நூலையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கியின் கீழ்ப்பகுதியில் சாய்வாக ஓடும் வண்ண வரிகளுக்கு 'லீஷுவெய்' என்று பெயர். நிற்கிற தண்ணீர் என்று பொருள். அதற்கு மேல் புரளும் அலை, அலைக்கு நடுவில் முன், பின், இரு பக்கம் என்று நான்கு மலை. அதற்கு மேல் மேகம், மேகத்துக்குள் டிராகன். கீழே கடல், நடுவில் மலை, மேலே வானம். கழுத்து வழியாகத் தலை வெளியே வந்தால், உலகத்தை உடுத்திக்கொண்டு ராஜா நிற்கிறார். இந்த நகலில் நீர்வரி குட்டையாக இருந்தது. அது சரியானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அங்கிகளில் இந்த வரிகள் உயரமாகிக்கொண்டே போய் மேலே இருப்பதையெல்லாம் நெருக்கும். 1860களுக்குப் பிறகு வந்த செயற்கைச் சாயத்தால் கண்ணைக் குத்தும் ஊதாவும் சேர்ந்துகொண்டது. என் பீரோவில் இருப்பதில் ஊதா வரி முழங்கால் வரை வருகிறது.

டிராகன்களுக்கு இடையில் சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு சின்னங்கள் இருக்கும். அவை பேரரசருக்கு மட்டும். 1759இல் சியான்லோங் காலத்தில் தொகுத்த உடை விதிகளில் இவை உறுதியாயின. இடது தோளில் சூரியன், அதற்குள் ஒரு பறவை. வலது தோளில் நிலா, அதற்குள் முயல் உரலில் மருந்து இடிக்கிறது. நம் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள், அவர்கள் நிலாவில் முயல் மருந்து இடிக்கிறது, ஆக நிலாவில் யாரும் சும்மா இருப்பதில்லை என்றேன். மகன் மொழிபெயர்த்ததும் அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நெஞ்சுக்கு மேலே மூன்று நட்சத்திரம், முதுகில் மலை, இடுப்பைச் சுற்றிக் கோடரி, இரட்டை வளைவுச் சின்னம், ஜோடி டிராகன், அழகுக் கோழி. கீழே வழிபாட்டுக் கிண்ணங்கள், நீர்ப்பாசி, தானியம், நெருப்பு. கிண்ணம் ஒன்றில் புலி, மற்றதில் குரங்கு. பாக்கு அளவு இடத்தில் ஒரு குரங்கின் முகத்தைத் தைத்திருக்கிறார்கள், அதற்கு எரிச்சலான பார்வை வேறு.

மேகங்களுக்கு நடுவே சிவப்பு வௌவால்கள் பறந்தன. வௌவாலை வீட்டுக்குள் விடாத ஊரிலிருந்து போனவளுக்கு இது விசித்திரமாகத்தான் இருந்தது. அவர்கள் மொழியில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே உச்சரிப்பு, 'ஃபூ'. சிவப்புக்கும் 'பெரிய' என்பதற்கும் ஒரே ஒலி. ஆகவே சிவப்பு வௌவால் என்றால் பெரும்பேறு. படத்தில் சொல்லும் சிலேடை. அலைகளுக்கு மேலே சங்கு, தாமரை, ஜோடி மீன், கும்பம், குடை, சக்கரம் எல்லாம் மிதந்தன. அதற்கு மட்டும் எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நம் அஷ்டமங்கலம், பௌத்தத்தோடு சேர்ந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

நிறத்திலும் அடுக்கு உண்டு. பளிச்சென்ற மஞ்சள் பேரரசருக்கும் பேரரசிக்கும், ஆப்ரிகாட் பழ மஞ்சள் பட்டத்து இளவரசருக்கு, பொன்மஞ்சள் மற்ற மகன்களுக்கு. பேரரசரே வானத்தை வழிபடும்போது நீலம், சூரியனுக்குச் சிவப்பு, நிலாவுக்கு வெளிர்நீலம் உடுத்துவார். தையல்காரியாக எனக்குப் பிடித்தது கை முனை. குதிரைக் குளம்பு போல விரிந்து, புறங்கையை மூடுகிறது. சிங் வம்சத்தார் குதிரை ஏறி வந்த மஞ்சூக்கள். அரண்மனைக்குள் வந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. கீழே முன், பின், இரு பக்கம் என்று நான்கு பிளவு வைப்பதும் சவாரிக்காகத்தான். அது அரச குடும்பத்துக்கு. மற்றவர்களுக்கு இரண்டு.

இவ்வளவுக்கும் வரைபடம் பெய்ஜிங் அரண்மனை ஓவியர்கள் கையில். பேரரசர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு நான்ஜிங், சூஜோ, ஹாங்ஜோ மூன்று ஊர் அரசுப் பட்டாலைகளுக்குப் போகும். தைத்தவர்கள் இங்கே ஏரிக்கரையில் இருந்தார்கள். உடுத்தியவரை அவர்களில் பெரும்பாலானவர்கள் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

அங்கியின் விலையைக் கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம். நாலரை லட்சம் யுவான். "பார்க்கறதுக்குக் காசு இல்லைல்ல?" என்று மகனிடம் கேட்டுவிட்டு இன்னொரு பத்து நிமிடம் பார்த்தேன்.

அந்தக் கடையில் மூன்று மணி நேர வகுப்பு ஒன்றும் நடத்துகிறார்கள், 380 யுவான். சேர்ந்தேன். ஒரு தாமரை மொட்டை முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் நிரப்ப வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு சரி. என்னைப் போன்றவர்களுக்கு மொட்டு அரை மணி நேர வேலை. ஆனால் அதற்கு முன்னால் நூல் பிரிக்கும் பாடம் வந்தது. அங்கேதான் என் 19 வருடமும் மண்ணைக் கவ்வியது. தையலுக்கு எடுக்கும் ஒரு பட்டு நூலை இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதிக்கு 'ரோங்' என்று பெயர். ஒரு ரோங்குக்குள் எட்டு இழை. ஆக ஒரு நூலுக்குப் பதினாறு. மீனின் வால், பூனையின் மயிர் எல்லாம் அந்தப் பதினாறில் ஒன்றை வைத்துத் தைப்பது. டிராகனின் தாடிக்கு இத்தனை மெலிசு தேவையில்லை என்றாலும் பயிற்சி அதில்தான் தொடங்குகிறது. சொல்லிக்கொடுத்த பெண் நூலின் முறுக்கை லேசாகத் தளர்த்தி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, பூ மலர்வது போல விரித்துவிட்டார். நான் பிரிக்கப் போனால் இழை என் விரலிலேயே ஒட்டிக்கொண்டு மயிராகச் சிலும்பியது. அவர் என் கையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "பாத்திரம் கழுவுற கைன்னு சொல்றாங்கம்மா" என்றான் மகன். உண்மைதான். புளி கரைத்து, பாத்திரம் துலக்கி, பேரனின் துணி அலசும் கை. அவர்கள் சொரசொரப்பு வராமல் கிரீம் தடவிக் கையைப் பாதுகாக்கிறார்கள். மொட்டைத் தடித்த நூலிலேயே முடித்தேன்.

முடிச்சுத் தையலில் மட்டும் மானம் தப்பியது. ஊசியில் நூலைச் சுற்றி, பக்கத்திலேயே குத்தி, கடுகு போல உட்காரவைப்பது. நாம் பிரெஞ்சு நாட் என்று சொல்வதன் நெருங்கிய உறவு. இதைப் போட்டுப் போட்டுக் கண் போனதால் பேரரசர் தடை செய்தார் என்று சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு கதை விடுவார்கள். நம்ப வேண்டாம்.

கடைசியில் நான் வாங்கியது ஒரு சதுரம். அரசு அதிகாரிகள் மேலங்கியின் நெஞ்சிலும் முதுகிலும் பதவியைக் காட்டத் தைத்துக்கொண்ட சதுரத்தின் நகல். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குப் பறவை, படையில் இருப்பவர்களுக்கு விலங்கு. முதல் நிலைக்குக் கொக்கு, மூன்றாவதற்கு மயில், ஒன்பது நிலை வரைக்கும் ஒவ்வொரு பறவை. கொக்கு 5,200 யுவான் சொன்னார்கள். என் வசதிக்கு ஏழாம் நிலை, மாண்டரின் வாத்து, 2,800. வாங்கும் முன் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். அந்தம்மா ஒரு நொடி யோசித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். பின்பக்கம் நூல்முனைகள் குட்டையாக, நிறத்துக்கு நிறம் தாவாமல் முடிந்திருந்தன. கைவேலைதான். தங்கம் மட்டும் அசல் இல்லை, பிளாஸ்டிக் படல இழை. நகம் வைத்ததும் தெரிந்தது. கேட்டதும் மறைக்காமல் ஒத்துக்கொண்டார். அந்த விலைக்கு அது நியாயம்.

குறைகள். மெஷின் வேலையும் கைவேலையும் ஒரே சுவரில் அருகருகே தொங்குகின்றன, எந்தச் சீட்டும் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள், கேட்காதவன் பாடு அதோகதி. விலை எழுதியிருப்பது பாதிக்குத்தான். அந்த மஞ்சள் அங்கியை மத்தியான வெயில் விழும் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். இடது கையில் நீலம் ஏற்கெனவே வெளிற ஆரம்பித்துவிட்டது, பார்க்கவே வயிறு எரிந்தது. நம் வங்கி அட்டையை அந்தக் கடையில் எடுக்கவில்லை. மகனின் போனில்தான் பணம் போனது. பெரிய கூட்டம் வந்து இறங்கினால் வகுப்பு நடத்தும் பெண் எழுந்து போய்விடுகிறார். அன்று இரண்டு முறை போனார்.

கெஸி என்ற நெசவுத் துண்டுகள் அங்கே இரண்டே இரண்டு இருந்தன. பூவேலை போலத் தெரியும், ஆனால் ஊசியே படாது. நிறத்துக்கு ஒரு சின்னத் தறி நாடா (ஊடு நூல் ஓட்டும் கருவி) வைத்து அந்தந்த இடத்தில் மட்டும் ஊடு போட்டுத் திருப்புவார்கள், நிறம் மாறும் இடத்தில் பிளவு நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெட்டுக் கோடுகள் தெரிகின்றன. எனக்குக் கை பழகாத வேலை, ஆகவே மதிப்பெண் போட மாட்டேன்.

போகலாமா என்று கேட்டால், தையல் தெரிந்தவர்கள் கட்டாயம் போங்கள். வகுப்பில் சேருவதானால் நூல் பிரிக்கும் பாடத்தை மட்டும் முழு நேரமும் சொல்லித்தரச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே கைக்குத் தேங்காய் எண்ணெய் போடுங்கள். காசு செலவழிக்காமல் பட்டு வேலையின் பழைய அசலைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஹாங்ஜோவில் தேசியப் பட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, சூஜோவிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பலாம்.

வாத்து இப்போது வில்லாபுரத்துக் கடையில், வெயில் படாத சுவரில் தொங்குகிறது. ஊர் திரும்பியதும் பீரோவிலிருந்து அந்த 900 யுவான் அங்கியை எடுத்து, மேல்மடிப்பை விலக்கிப் பார்த்தேன். எதிர்பார்த்தது போலவே உள்மடிப்பில் ஒன்பதாவது இல்லை, வெறும் மஞ்சள் துணி. ஆர்டர் குறைந்த நாட்களில் அதை ஆரி ஸ்டாண்டில் இழுத்துக் கட்டி, சிவப்பு நூலில் சரிகை கட்டி வருகிறேன். தலையும் மீசையும் முடிந்து, முன்கால் இரண்டுக்கும் ஐந்தைந்து நகம் வைத்தாகிவிட்டது. இன்னும் உடம்பும் வாலும் பாக்கி.